முகம் தெரியாத இரண்டு பேர்

சிவப்புக்காரன் கைகழுவிவிட்டான் என்ற செய்தியோடு போன வாரக் கதையை முடித்துக்கொண்டு இந்த வீட்டை விட்டுக் கிளம்பினோம். இன்று அதே வீட்டில் மணி காலை எட்டு.

சிவப்புக்காரன் என்பது ஆள் இல்லை, கம்பெனி. இணையத்தில் வாங்குகிறவரின் கார்டிலிருந்து பணத்தை எடுத்து, தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை விற்கிறவர் கணக்கில் போடுகிற கம்பெனி. அதன் சின்னம் சிவப்பு. அதன் பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை என்பதால் அப்படியே சிவப்புக்காரன் ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் உங்கள் கணக்கை மூடுகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் அனுப்பியிருந்தது. அந்தக் கெடு இன்றோடு முடிகிறது.

கடை அண்ணியுடையது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணிக்கிடங்கில் பதினைந்து வருடம் தையல்காரியாக இருந்தவள். படுக்கையில் கிடப்பவரைத் தூக்காமல், புரட்டாமல் போட்டுவிடக்கூடிய சட்டை, கவுன், கால்சட்டை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு வருடம் முன்பு மாமியார் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வராமல் படுத்தபோது முதல் கவுனை வீட்டிலேயே தைத்தாள். மாமியாருக்குக் கை கால் படுத்ததே தவிர, வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை.

"தைக்கத் தெரிஞ்சவ, ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்க வேண்டியதுதானே" என்று ஆரம்பித்து வைத்தது அந்த வாய்தான். அண்ணி அளவுப் படங்களை வரைந்தாள். வாங்குகிறவர்கள் அதை பிரின்ட் எடுத்து, துணியில் வைத்து வெட்டித் தைத்துக்கொள்ளலாம். கூடுதலாகப் பணம் கட்டினால் அண்ணியே வீடியோவில் அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பாள். இணையக் கடையைத் திறந்து கொடுத்தது அவளுடைய நாத்தனார், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நம் சின்னவள்.

அந்தச் சின்னவள்தான் இப்போது மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"நீலக்காரன் எப்படி?" அண்ணி தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

"நூத்துக்கு மூணுதான் பிடிப்பான் அண்ணி. ஆனா புதுசா வர்றவங்க பணத்தை மூணு மாசம் கையிலேயே வச்சுப்பான். ஒவ்வொரு நாட்டு வரியும் நம்ம தலையில."

"மூணு மாசம் நாம காத்தைக் குடிக்கிறதா? தள்ளு அவனை. அடுத்தது?"

"பச்சைக்காரன். நூத்துக்கு ஏழு. ஆனா வரி கிரி எல்லாம் அவனே பாத்துப்பான். நம்ம சிவப்புக்காரன் மாதிரியே, நம்ம சரக்கை அவன் பேர்லதான் விக்கிறான். ஒரு தொல்லையும் இல்ல அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு இதைப் போட்டுடலாம்."

"வாங்குறவங்க பேரைச் சொல்லுவானா?"

"அது... சொல்ல மாட்டான். நம்பர்தான்."

"மூணாவது?"

"மஞ்சள்காரன். நூத்துக்கு அஞ்சு. ரெண்டு நாள்ல பணம் வந்துடும். பேர், ஊர் எல்லாம் சொல்லுவான். ஆனா ஒரே நச்சு அண்ணி. இதுவரைக்கும் வித்த பட்டியல் முழுசா கேக்குறான். அது போதாதுன்னு ஆள் ஒருத்தர் போன் பண்ணி நூறு கேள்வி கேப்பாங்களாம்."

"கேக்கட்டுமே. நாம என்ன திருட்டுத் துணியா விக்கிறோம்?" அண்ணி சிரித்தாள். "மஞ்சளையே போடு. எனக்குப் பேர் வேணும். நாப்பது பேர் என் துணியைத் தச்சுப் போட்டிருக்காங்க, ஒருத்தர் பேர் தெரியாது. எட்டாம் நம்பர், இருபதாம் நம்பர்னு கைதியைக் கூப்பிடுற மாதிரி எத்தனை நாள் கூப்பிடுறது?"

சின்னவள் சட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

அண்ணி செருப்பை மாட்டும்போது திரும்பினாள். "அந்த எட்டாம் நம்பர் குழந்தைக்கு இடுப்புக் கட்டு பிரிச்சாச்சான்னு கேட்டு எழுதி நாலு நாளாச்சு. பதில் வந்துதா?"

"பிரிச்சிருப்பாங்க அண்ணி."

"பிரிச்சா சொல்லியிருப்பாங்களே" என்று முணுமுணுத்தபடியே போனாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்று கடைசி நாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. கிடங்கு மேற்பார்வையாளர் நல்ல மனுஷி. "அஞ்சு மணி வரைக்கும் அந்தக் காகிதம் என் மேஜையிலதான் இருக்கும். மனசு மாறினா சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணியோ மனசு மாறுகிற நிலையில் இல்லை. மாதத்துக்கு மாதம் விற்பனை ஏறிக்கொண்டே வந்தது. வேலையை விடுங்கள் அண்ணி என்று அடித்துச் சொன்னதும் சின்னவள்தான்.

அவள் ஏன் லேப்டாப்பை அப்படி மூடினாள் என்று சொல்லியாக வேண்டும்.

கடை திறந்த முதல் மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அண்ணி அழுதது சின்னவள் காதில் விழுந்தது. மனசு கேட்கவில்லை. தன் கார்டிலிருந்தே ஒன்று வாங்கினாள். அன்றைக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்துக்காக இன்னொன்று வாங்கினாள். பிறகு தோழிகள் கார்டில். ஆக மொத்தம் ஒன்பது.

வாங்குகிற ஒவ்வொரு நம்பருக்கும் சிவப்புக்காரன் வழியாக அண்ணி தானே எழுதுவாள். நோயாளிக்கு எந்தப் பக்கம் வராது, கை எவ்வளவு மடங்கும், புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பாள். பதில் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று சின்னவள் கதை கட்டினாள். இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு போட்ட குழந்தை அப்படிப் பிறந்ததுதான். அண்ணி அந்தக் குழந்தைக்காக மூன்று முறை படத்தை மாற்றி வரைந்தாள்.

ஆனால் சின்னவள் வாங்காத நாட்களிலும் விற்க ஆரம்பித்தது. அதுதான் அவளுக்குத் தைரியம். நம்முடையது ஒன்பது, மிச்சமெல்லாம் நிஜம் என்று நிம்மதியாக இருந்தாள். ஒருவரோடொருவர் தொடர்புள்ளவர்களே வாங்குவதாகத் தெரிகிறது என்று சிவப்புக்காரன் கடிதம் வந்தபோதும், அந்தக் காரணத்தை அண்ணியிடம் மறைத்துவிட்டு, நம் ஒன்பதால் வந்த வினை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாளே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு ஜெராக்ஸ் கடையில் கூட்டம் ஓய்ந்தது. கணக்கை மூடும்போது மட்டும் சிவப்புக்காரன் முழுப் பட்டியலையும் தருவான், பெயரோடு. அதை இறக்கினாள். தன் ஒன்பது வரிகளை அழித்துவிட்டு மஞ்சள்காரனுக்கு அனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

பட்டியலில் நாற்பத்தொரு வரி இருந்தது. நாற்பத்தொன்றாவது இன்று காலை பத்தரைக்கு வாங்கியது. அட, இன்றைக்கும் ஒன்றா என்று சந்தோஷமாகப் பெயரைப் பார்த்தாள்.

அண்ணன் பெயர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே போனாள். மறுபடி அண்ணன். அதற்கு மேல் அண்ணனோடு பஸ் ஓட்டுகிற ஒருவர். டிப்போவில் டிக்கெட் கணக்கு எழுதுகிறவர். மறுபடி அண்ணன். இடையிடையே ஒரு பெண் பெயர், ஒன்பது தடவை. அம்மாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிற பெண். பென்ஷன் பணத்தைக் கையில் கொடுத்து அவளை வாங்கச் சொல்வது யார் என்று யோசிக்கவே வேண்டாம்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினாள். யாரென்று தெரியாத பெயர் இரண்டுதான் இருந்தது. இன்னொரு முறை எண்ணினாள். இரண்டுதான்.

ஒரு மணிக்குத்தான் அண்ணன் போனை எடுத்தான். பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீ அண்ணி கடையில வாங்குறியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனைண்ணா?"

"இருபதோ இருபத்தொண்ணோ. டிப்போவில பசங்க கையில காசைக் குடுத்து வாங்கச் சொல்லுவேன். என்ன பண்ணச் சொல்றே? ஞாயித்துக்கிழமை வாரக் கணக்கு பாக்கறப்போ அவ முகத்தைப் பாக்க முடியாது. இன்னைக்குக் கடைசி நாளாச்சே, தைரியமா வீட்டுக்கு வரட்டும்னு காலையில ஒண்ணு போட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, குடியே முழுகிடும்."

"அண்ணா, நானும் ஒன்பது வாங்கியிருக்கேன்."

"நீயுமா! சரி விடு. உன்னோடது, என்னோடது போனாலும் மிச்சம் பத்துப் பதினோரு பேர் நிஜமா இருக்காங்கல்ல?"

அம்மாவுடைய ஒன்பதைச் சொல்லச் சின்னவள் வாயெடுத்தாள். அதற்குள் யாரோ விசில் ஊத, "வண்டி எடுக்கணும், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

ஒவ்வொருத்தரும் தன்னுடையது மட்டும் பொய், மற்றதெல்லாம் நிஜம் என்றே நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் மூன்று பேரும் சேர்ந்து அண்ணியை வேலையை விடச் சொல்லியிருக்கிறார்கள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! கிடங்கில் வேலை செய்கிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய சங்கதியும் இல்லை. முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கு பின்கட்டில், கீழ்த்தளத்தில் இருந்தது. சலவை இயந்திரங்களின் இரைச்சல் படிக்கட்டு வரை கேட்டது. போய்ச் சேரும்போது மணி இரண்டேகால். ஐந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மூச்சு வாங்க மேற்பார்வையாளர் முன்னால் நின்றாள்.

"அண்ணி காகிதத்தைக் கிழிச்சுடுங்க மேடம். அவங்க வேலையை விடலை."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டுச் சாவியையும் குடுத்துட்டாளேம்மா. நான்கூட அஞ்சு வரைக்கும் இருடின்னு சொன்னேன். டீ டைம்ல போனைப் பாத்தாளாம், இன்னைக்கும் ஒண்ணு வித்திருக்காம். இனிமே எதுக்கு மேடம் யோசனைன்னு சிரிச்சா. காகிதம் மேல போயாச்சு."

"திரும்ப வாங்க முடியாதா?"

"முடிஞ்சா வாங்கித் தர மாட்டேனா? அடுத்த மாசத்திலிருந்து தையலை வெளி ஆளுக்குக் குடுக்கப் போறாங்க. காலியான இடத்துக்கு ஆள் எடுக்காதேன்னு உத்தரவு. என் கையில இல்லம்மா."

அண்ணி உள்ளே இருந்தாள். கூட வேலை செய்தவர்கள் வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரம் மடியில் இருந்தது. சின்னவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ எங்கேடி இங்க? என்னைக் கூட்டிட்டுப் போக வந்தியா? பாத்தியா, இன்னைக்கும் ஒண்ணு போயிருக்கு! நாப்பத்தொண்ணு!"

சின்னவள் சொல்லிவிட்டாள். மென்று விழுங்கி, முன்னுக்குப் பின் முரணாக, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

கடைசியில் அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் குழந்தை?"

"இல்ல அண்ணி. அப்படி ஒரு குழந்தையே இல்ல."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "தினமும் அதுக்காக வேண்டிக்கிட்டேன்டி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால், இரண்டு அறை கொடுத்திருந்தால் சின்னவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு கையை நீட்டி லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். கணவன் பெயர் வந்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் நின்றாள்.

"இதை மஞ்சள்காரனுக்கு அனுப்பு. ஒரு வரியைக்கூட அழிக்காதே."

"அண்ணி, அப்படியே அனுப்பினா கணக்குத் திறக்க மாட்டாங்க. பேசாம பச்சைக்காரனை..."

"அனுப்புன்னு சொன்னேன்."

ஐந்தரைக்கு மஞ்சள்காரன் கூப்பிடுவதாக இருந்தது. அண்ணன் அதற்குள் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்திருந்தான். மனைவி அவன் அம்மாவின் அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சின்னவள் கதவருகே நின்றாள். அண்ணனுக்குக் கண்ணால் சாடை காட்டிப் பார்த்தாள், அவன் கவனிக்கவில்லை.

"என்ன, எல்லாரும் எழவு விழுந்த மாதிரி இருக்கீங்க? கடைசி நாள்னா சந்தோஷமா இருக்க வேண்டாமா?" என்றாள் அம்மா.

போன் அடித்தது. அண்ணி அதைக் கட்டிலின் மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டினாள். பேசியது ஒரு பெண் குரல், மரியாதையான குரல். பெயர், முகவரி, என்ன விற்கிறீர்கள், யார் வரைகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தது. அண்ணி தெளிவாகச் சொன்னாள். அண்ணன் பெருமையாகத் தலையை ஆட்டினான்.

"வாங்கினவங்கள்ல உங்க குடும்பத்தைச் சேர்ந்தவங்க யாராவது இருக்காங்களா மேடம்?"

"இருக்காங்க. என் வீட்டுக்காரர் இருபத்தொண்ணு. அவரே சிலது, அவர் காசு குடுத்து மத்தவங்க சிலது."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

"என் நாத்தனார் ஒன்பது. என் மாமியார் ஒன்பது."

"அடி பாவி, அது உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்த அம்மா, மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களுமா?" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாய் மூடியது.

எதிர்முனையில் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "வெளி ஆளுங்க எத்தனை பேர் மேடம்?"

"ரெண்டு பேர்."

"நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு உடனே தெரிஞ்சிருக்காது. கணக்கு இன்னைக்கே திறந்திருக்கும். தப்பா நினைக்காதீங்க, ஏன் சொன்னீங்க?"

"என்கிட்ட எல்லாரும் பொய் சொல்லிட்டாங்கம்மா. நானாவது யார்கிட்டயாவது உண்மையைச் சொல்லணும் போல இருந்துது."

மேலே கேட்டுச் சொல்கிறேன், எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது, ரொம்ப நம்பவும் வேண்டாம் என்று சொல்லி அந்தக் குரல் விடைபெற்றது.

"நாங்க உன் நல்லதுக்குத்தானே பண்ணினோம்" என்றான் அண்ணன். "நீ அழறதைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறது? நாளைக்கே போய் ஆஸ்பத்திரி மேடம் கால்ல விழறேன்."

"பன்னெண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டாச்சு. காலையில நீங்க வாங்கினதைப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்தும் அண்ணியின் முகம் இளகவில்லை.

"என் வரைபடம் நல்லா இல்லன்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்கன்னா மாத்தியிருப்பேன்" என்றாள். "வாங்க ஆள் இல்லன்னு சொல்லியிருந்தா, வேலைக்குப் போய்க்கிட்டே ஆள் வர்ற வரைக்கும் காத்திருந்திருப்பேன். ரெண்டுக்கும் வழி இல்லாம பண்ணிட்டீங்களே."

பட்டியலை மறுபடி திறந்தாள். தெரியாத இரண்டு பேரில் ஒருவர் நாலு மாதம் முன்பு ஒரு சட்டைப் படம் வாங்கியதோடு சரி, கேட்டதற்குப் பதில்கூடப் போட்டதில்லை. இன்னொருத்தி ஒரு வெளிநாட்டுக்காரி. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்ட கணவனுக்காகக் கேட்டிருந்தாள். வீடியோவில் சொல்லிக் கொடுக்கப் பணம் கட்டி, நாளைப் பகல் பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள். சிவப்புக்காரன் இன்று மூடினால் அந்தப் பணம் தானாக அவளுக்கே திரும்பிப் போய்விடும்.

"பணம் போகட்டும். நான் அவகிட்ட பேசப் போறேன்" என்றாள் அண்ணி. "ஒருத்தியாவது நிஜமா இருக்காளே."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரையில் இருந்த அந்தப் பெயரையே பார்த்தாள். டிப்போவில் யாருக்கு எங்கே சொந்தம், யார் கார்டு யார் பெயரில் என்று யாருக்குத் தெரியும்? அண்ணன்கூட இருபதோ இருபத்தொண்ணோ என்றுதானே சொன்னான் என்று சின்னவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

அண்ணி நிமிர்ந்தாள்.

"இவ யாரு? உங்க மூணு பேர்ல யாரோட ஆளு? இப்பவே சொல்லிடுங்க. நான் நாளைக்கு அவ முன்னாடி போய் உக்கார்ந்து ஏமாற மாட்டேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான் அண்ணன்.

"என்னோடது ஒன்பதுதான்டியம்மா, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா.

"எனக்கும் தெரியாது அண்ணி" என்றாள் சின்னவள். அது உண்மை.

அண்ணி மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருத்தரையும் அவள் நம்பவில்லை.